தட்டைத் தள்ளும் பிள்ளை ரிஸ்க்கை அவமதிக்கிறதா?

சென்ற ரமளானில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் ஒரு தாய் ஃபோனில் அழைத்தார். அவருடைய ஏழு வயது மகன் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியை வாயில் வைத்ததும் துப்பிவிட்டானாம். வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அல்லாஹ் கொடுத்த ரிஸ்க்கையா துப்புறே? நரகத்துக்குத்தான் போவே" என்று எல்லோர் முன்னாலும் அதட்டியிருக்கிறார். அன்று முதல் பையன் பள்ளிக்கு வர மறுக்கிறான். "ஹஜ்ரத், இவன் வீட்டுலயும் இப்படித்தான். முட்டைக்கோஸைத் தொட மாட்டான். முள்ளங்கி வெந்தா அடுப்படிப் பக்கமே வர மாட்டான். மல்லித்தழையை ஒவ்வொண்ணாப் பொறுக்கி வெளியே வைப்பான். இது பாவமா? நான் வளர்த்த விதம்தான் சரியில்லையா?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பருவ வயதை அடையாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. அந்தப் பெரியவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது மார்க்கத்தில் இல்லாத மிரட்டல். இரண்டாவது கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. இஷாவுக்கு நேரமாகிவிட்டது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

நம் வீடுகளில் உணவுக்கு மரியாதை உண்டு. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூசி தட்டி உண்ண வேண்டும், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இவை ஹதீஸில் உள்ள ஒழுக்கங்கள்தாம். ஆனால் இவற்றோடு சேர்ந்து இன்னொரு நம்பிக்கையும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. என்ன சமைத்தாலும் எல்லோரும் உண்ண வேண்டும், ஒன்றைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கினால் அது நன்றி கெட்டதனம் என்பதே அது. இதற்கு ஆதாரம் தேடினால் கிடைக்காது. கிடைப்பது இதற்கு நேர் மாறானது.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும் (புகாரி 5409). நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. பயான்களில் இதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அந்த ஹதீஸ் அதோடு முடியவில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது அதன் இரண்டாம் பாதி. உணவைக் குறை சொல்லாமல் இருப்பது எப்படி சுன்னத்தோ, பிடிக்காததை அமைதியாக விட்டுவிடுவதும் அதே ஹதீஸில், அதே மூச்சில் சொல்லப்பட்ட நடைமுறை.

இதைச் செயலில் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில், நஜ்திலிருந்து வந்த சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். அது இன்னதென்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, என் சமுதாயத்தாரின் ஊரில் இது இருக்கவில்லை, அதனால் என் மனம் இதை ஏற்கவில்லை என்ற பொருளில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் (புகாரி 5391). அரபியில் 'ளப்' எனப்படும் இந்தப் பிராணி, தாவரம் தின்னும் பாலைவனப் பல்லியினம். தமிழில் உடும்பு என்று மொழிபெயர்க்கிறோம். நம்மூர் உடும்பு வேறு, அதைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ளப் பற்றி ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே சட்டக் கருத்து வேறுபாடும் உண்டு. இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த ஸுப்ராவில் நடந்ததை. ஒருவருக்குப் பிடிக்கவில்லை, ஒருவருக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர் அதை அசுத்தம் என்று சொல்லவில்லை. பிடித்தவர், ஒரு வாய் சாப்பிட்டுத்தான் பாருங்களேன் என்று வற்புறுத்தவும் இல்லை.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் அபூஅய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் நபியவர்கள் தங்கியிருந்தபோது நடந்ததும் இப்படித்தான். அனுப்பிய உணவு ஒரு நாள் தொடப்படாமல் திரும்பி வந்தது. அதில் பூண்டு இருந்தது. அபூஅய்யூப் (ரலி) பதறிப்போய், ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, அதன் வாடை எனக்குப் பிடிக்கவில்லை என்பதே பதில். இது முஸ்லிமில் உள்ளது.

அப்படியானால் பிடிக்கவில்லை என்று சொல்வது குறை கூறுவதில் சேராதா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதை விளக்குகிறார்கள். உப்பு அதிகம், உப்பு குறைவு, புளிப்பு, வேகவில்லை, தண்ணியாக இருக்கிறது என்றெல்லாம் சொல்வது குறை கூறுவது. இந்த உணவின் மீது எனக்கு நாட்டமில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்வது குறை கூறுவதாகாது. நவவி இமாமின் பட்டியலைப் பார்த்தால் நம் வீட்டு ஆண்கள் மதியம் தட்டின் முன் உட்கார்ந்து பேசுவதை யாரோ பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டது போல இருக்கும்.

நாட்டம் என்பது ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு மாறுகிறது? 1931-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தார். அதன் பெயர் பினைல்தயோகார்பமைடு. கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்த சக ஆய்வாளர், வாயெல்லாம் கசக்கிறது என்றார். பொடிக்கு இன்னும் அருகில் நின்ற ஃபாக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. இருவரும் நாக்கில் வைத்தே பார்த்தார்கள். ஒருவருக்கு எட்டிக்காய், மற்றவருக்குச் சாம்பல் போல. பிறகு பலரிடம் கொடுத்துப் பார்த்தபோது மனிதர்களே இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் லிண்டா பார்டோஷுக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், தைராய்டுக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைக் கொண்டு இதே சோதனையை நுட்பமாகச் செய்து, கசப்பை உணர்பவர்களிலேயே ஒரு பகுதியினர் அதைத் தாங்க முடியாத அளவுக்கு உணர்கிறார்கள் என்று காட்டினார். அவர்களுக்கு 'சூப்பர் டேஸ்டர்' என்று பெயர் வைத்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவர் இப்படி, நான்கில் ஒருவர் அந்தக் கசப்பே தெரியாதவர், மீதிப் பாதிப் பேர் நடுத்தரம் என்பது பொதுவான கணக்கு. இனத்துக்கு இனம் இது மாறும். ஆண்களைவிடப் பெண்களிடம் கூர்மை அதிகம். நாவின் மேல் சிறு புள்ளிகளாகத் தெரியும் முகடுகள் இவர்களுக்கு நெருக்கமாக இருப்பதும், மிளகாய்க் காரம் கூடுதலாக எரிவதும் உண்டு.

2003-இல் இந்தக் கசப்புக்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. நடுத்தர உணர்வுள்ள தாய் தந்தைக்கு மிகக் கூர்மையான உணர்வுள்ள ஒரு பிள்ளையும், ஒன்றுமே தெரியாத இன்னொரு பிள்ளையும் பிறக்க இடமுண்டு. "உங்க அண்ணன் சாப்பிடலையா? உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டியிலிருந்து போட்ட முட்டைக்கோஸ் ஒரே சுவையில் இருப்பதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகுக்கீரை இவையெல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அவற்றில் உள்ள சில பொருள்கள்தாம் இந்த மரபணுவுக்கு உரிய கசப்பைத் தருகின்றன. பாகற்காய், வெந்தயம் போன்றவற்றின் கசப்பு வேறு. மனித நாவில் கசப்பை உணரும் வாங்கிகள் சுமார் 25 வகை. ஆகவே பாகற்காயை விரும்பி உண்ணும் ஒருவர் முள்ளங்கியைக் கண்டால் எழுந்து ஓடலாம். அதில் வேஷம் எதுவும் இல்லை.

கசப்போடு முடிவதில்லை. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மல்லித்தழை சிலருக்குச் சோப்பு போலத் தெரிகிறது. 2012-இல் வெளிவந்த ஆய்வொன்று, வாசனையை உணரும் மரபணு ஒன்றோடு இதைத் தொடர்புபடுத்தியது. சிலருக்கு வெண்டைக்காயின் வழவழப்பும் ஈரலின் மாவுத்தன்மையும்தான் பிரச்சினை. சுவையில் ஒன்றும் குறை இல்லை. கொரோனா வந்துபோன பிறகு வெங்காயம் வதக்கும் வாசனையும் முட்டையும் காபியும் மாதக்கணக்கில் அழுகிய நாற்றமாகத் தெரிந்தவர்களை நாம் பார்த்தோம். அப்போது அவர்களை யாரும் நன்றி கெட்டவர் என்று சொல்லவில்லை. நோய் என்று புரிந்துகொண்டோம். பிறவியிலேயே அப்படி இருப்பவரைத்தான் திட்டுகிறோம்.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவது பொதுவான இயல்பு. பெரும்பாலோர் அதைத் தாண்டி வந்துவிடுவார்கள். பழக்கமும் ருசியை உருவாக்குகிறது. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த உணவை எளிதாக ஏற்றுக்கொண்டன என்று பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2001-இல் எழுதினார்கள். என் ஊரில் இது இருக்கவில்லை என்று நபியவர்கள் சொன்ன காரணம் நமக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஹதீஸை விஞ்ஞானத்தால் நிரூபிக்க நாம் இதை எழுதவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஒரு மனிதரின் நாவுக்கு ஓர் ஊர் உண்டு என்பதை நபியவர்கள் வெட்கப்படாமல் சொன்னார்கள் என்பதே நமக்குப் போதும்.

இனி அந்த இன்னொரு காரணம். பட்டம் வாங்கி வந்த ஆரம்ப வருடங்களில் ஒரு மதரஸாவில் நாம் ஹிஃப்ளு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாரத்தில் இரண்டு நாள் முள்ளங்கி சாம்பார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அந்த நாள்களில் வெறும் சோற்றை மோரில் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவான். மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள் என்று நாம் நினைத்தோம். ஒரு நாள் அவன் தட்டில் சாம்பாரை ஊற்றி, முடிக்கும் வரை எழக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றோம். அழுதுகொண்டே விழுங்கினான். பாதியில் வாந்தி எடுத்தான். அப்போதும் நமக்குக் கோபம்தான் வந்தது. பிடிவாதம் என்று தோன்றியது. அதன் பிறகு அவனுக்குச் சாப்பாட்டு மணி அடித்தாலே முகம் வெளுக்கும். மூன்று மாதத்தில் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான்கு ஜுஸ்உ மனனம் செய்திருந்த பிள்ளை.

காலையில் பெரிய மாணவர்களுக்கு அபூஹுரைரா (ரலி) அவர்களின் அந்த ஹதீஸைப் பாடம் நடத்திவிட்டு, மதியம் நாம் செய்தது இது. வருடங்கள் கழித்து அவனுடைய அத்தாவை ஒரு வலீமாவில் சந்தித்து மன்னிப்புக் கேட்டோம். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அவன் இப்பவும் முள்ளங்கி சாப்பிடறதில்ல ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்.

வற்புறுத்தினால் பலன் உண்டா என்று அமெரிக்காவில் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வில், சூப்பை முடி முடி என்று சொல்லப்பட்ட நாள்களைவிட, ஒன்றும் சொல்லாமல் விட்ட நாள்களில் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். சொல்லச் சொல்ல அந்த உணவைப் பற்றி மோசமாகப் பேசவும் செய்தார்கள். பிள்ளை ரிஸ்க்கைக் குறை கூறக் கூடாது என்று நாம் கொடுக்கும் அழுத்தம்தான், அதைக் குறை கூறவே கற்றுக்கொடுக்கிறது.

ருசி மாறவே மாறாதா என்றால், மாறும். எப்படி என்பதற்கும் ஹதீஸில் முன்மாதிரி இருக்கிறது. ஒரு தையற்காரர் கொடுத்த விருந்தில் நபியவர்கள் சுரைக்காயைத் தேடித் தேடி உண்பதை அனஸ் (ரலி) அவர்கள் பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போனதாகச் சொல்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களுக்கு சிர்க்கா பிடித்துப்போனதும் அதை நபியவர்கள் புகழக் கேட்ட பிறகுதான். அனஸ் அப்போது இளைஞர். சாப்பிடு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தாம் நேசிப்பவர் ரசித்து உண்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார், அவ்வளவுதான். அத்தா ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில், பிள்ளைகள் டிவி முன்னால் ஒரு மூலையில், அம்மா எல்லோருக்கும் பிறகு அடுப்படியில் என்று உண்ணும் வீட்டில் இது நடக்காது. ஒரே சஹனில் சேர்ந்து உண்ணும் பழக்கம் இன்னும் உள்ள ஊர்கள் அதை விட்டுவிட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. தட்டில் ஒரு ஸ்பூன் அளவு மட்டும் வையுங்கள். உண்டால் சரி, இல்லாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். வீண் விரயமும் ஆகாது. ஒரே உணவைப் பிள்ளை எட்டு, பத்து, பதினைந்து தடவை சுவைத்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வது சாதாரணம். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். முட்டைக்கோஸை நெடுநேரம் வேகவிட்டால் கந்தக வாடை கூடும். பொடியாக நறுக்கிச் சட்டென்று வதக்கினால் குறையும். முள்ளங்கியின் காரம் தோலை ஒட்டி அதிகம், சீவிவிட்டு வதக்கிச் சேருங்கள். மல்லித்தழையைத் துவையலாக அரைத்தால் அந்தச் சோப்பு வாசனை வெகுவாகக் குறையும். உப்பும் தேங்காய்ப்பாலும் கசப்பை அடக்கும். இதெல்லாம் நம் பெத்தம்மாமார்களுக்குத் தெரிந்ததுதான்.

இது பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமல்ல. கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டு வரும் உள்நாட்டுப் பெண் கருவாட்டு வாசனையில் குமட்டி எழுந்தால், "எங்க வீட்டுச் சாப்பாடு அவளுக்கு ஆகாதாம்" என்று மாமி சொல்ல, அது இரண்டு குடும்பத்துக்கும் இடையே போய் நிற்கிறது. அந்தப் பெண்ணின் நாவுக்கும் ஓர் ஊர் உண்டு. நஜ்தின் உணவு நபியவர்களுக்கு ஒவ்வாததை மைமூனா (ரலி) வீட்டில் யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாவு கூர்மையாக உள்ளவருக்கும் கடமை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டியே சிலர் வீட்டில் சட்டம் பேசுவார்கள். பிடிக்காததை விடலாம், முகத்தைச் சுளித்து, சமைத்தவரின் மனம் நோகப் பேச அனுமதி இல்லை. எனக்கென்று தனிக் குழம்பு வை என்று தினமும் மனைவியை அடுப்பில் நிறுத்துவதும் நியாயமில்லை. முட்டை பொரித்துக்கொள்ள ஆண்களுக்கும் கை இருக்கிறது. நோன்பில் சமைக்கும் பெண் உப்பு பார்க்க நாவில் வைத்துத் துப்புவது, தேவையின்றிச் செய்தால் மக்ரூஹ். கணவன் கெட்ட குணமுள்ளவனாக இருந்தால் அது அவளுக்குத் தகுந்த காரணம் என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ஃபுகஹாக்கள் நம்மைப் பற்றி அறிந்திருக்கிறார்கள்! கோபத்தில் "வல்லாஹி, இந்த வீட்டுச் சோற்றைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. அதை முறித்துவிட்டு உண்ணட்டும். ஆனால் கஃப்பாராவாகப் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மூன்று நோன்பு. ஹலாலான ஒன்றைத் தன் மீது ஹராமாக்கிக்கொள்வதும், தனக்குப் பிடிக்காததைப் பிறருக்கு ஹராம் போலப் பேசுவதும் கூடாது.

எல்லாவற்றையும் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. எடை கூடாமல் நிற்கும் பிள்ளை, மொத்தமே நான்கைந்து உணவோடு சுருங்கிப்போன பிள்ளை, முன்பு உண்டதையும் ஒவ்வொன்றாக விட்டுவரும் பிள்ளை, விழுங்கவே அஞ்சும் பிள்ளை ஆகியோரைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து, துத்தநாகக் குறைவு பசியையும் ருசியையும் கெடுக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு உணவின் நிறமும் தொடுவுணர்வும் மாறினாலே தாங்க முடியாது. உடல்நலம் பாதிக்கும் அளவுக்கு உணவைத் தவிர்ப்பது 2013 முதல் மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அதற்கு சிகிச்சை உண்டு. தாயத்தும் தண்ணீர் ஓதுவதும் போதும் என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓதிப் பாருங்கள், மருத்துவரிடமும் போங்கள்.

அந்தத் தாய்க்கு மறுநாள் நாமே அழைத்துப் பேசினோம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்து மகனை அனுப்புங்கள், கஞ்சி கட்டாயமில்லை என்றோம். நோன்பு திறக்க சுன்னத்தானது அவைதாம். கஞ்சி நம்மூர் வழக்கம். அதில் வெந்தயமும் மல்லித்தழையும் தாராளமாக விழுகின்றன, அவன் துப்பியதற்கு அவைதாம் காரணமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னோம். பெரியவரிடமும் தனியாகப் பேசினோம். முதலில் அவருக்கு ஒப்புக்கொள்ள மனமில்லை. "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பையன் வந்தபோது, தம் பக்கத்தில் உட்கார வைத்து, தம் பங்கு சமோசாவை அவன் கையில் கொடுத்தார். அவன் பிய்த்து உள்ளே பார்த்தான். முட்டைக்கோஸ் இருந்தது. மேல் மாவை மட்டும் தின்றுவிட்டு மீதியை அவரிடமே நீட்டினான். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்.